முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது

நான் எழுதும் எல்லாப் பத்திரங்களுக்கும் கடைசி வாக்கியம் ஒன்றே. பதினாறு ஆண்டுகளாக அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ‘மேற்கண்ட வாசகம் மனுதாரருக்கு அவர் அறிந்த மொழியில் முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது, அவர் அதைக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டார்.’ அதன்கீழ் கார்த்திகா என்று என் கையொப்பம், முத்திரை, நாள்.

போடிநாயக்கனூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியறையில் மொழிபெயர்ப்பு செய்கிறேன். இந்த ஊரைச் சுற்றியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு வீடு கீழே, வேலை மலைமேலே. மேலே நடப்பதெல்லாம் கேரளத்தில் நடந்ததாகிவிடும். காகிதங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இறங்கி வரும். தமிழில் சொன்ன பதில் ஆங்கிலமாகி ஏறிப்போக வேண்டும். இரண்டும் என் மேசை வழியாகத்தான்.

ஒரு சொல் கூடக் கூடாது. ஒரு சொல் குறையவும் கூடாது. இதை நான் நேர்மை என்கிறேன். பிடிவாதம் என்பவர்களும் உண்டு. அவர்களும் அடுத்த காகிதத்தோடு என்னிடமே வருகிறார்கள்.

மாயக்காள் ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ராசிங்காபுரத்துக்காரர், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். விரல்நுனிகளில் ஏலக்காய்க் கறை கறுத்திருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதக்கட்டை எடுத்து நீட்டினார்.

“வக்கீல் அனுப்புனாரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி விடாம வாசிங்க.”

வாசித்தேன். கடந்த மாசி மாதம், போடிமெட்டைத் தாண்டிய சாலையில், தொழிலாளர் சென்ற ஜீப்பிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தாள். பெயர் தேவி, வயது இருபது. மாயக்காளின் ஒரே மகள். ஓட்டுநர் ஜக்கையன் கொடுத்திருந்த வாக்குமூலம் இப்படி முடிந்தது: ‘அந்தப் பெண் வண்டியின் பின்புறம் வெளியே சாய்ந்து, செல்போனில் தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை எச்சரித்தேன். அவள் சிரித்தாள்.’

அதற்குக் கீழே, அதே வண்டியில் இருந்த தாயின் வாக்குமூலம். இரண்டே வாக்கியங்கள். ‘வளைவில் என் மகள் விழுந்துவிட்டாள். அவள் இறந்துவிட்டாள்.’

“நீங்க சொன்னது இவ்வளவுதானா அக்கா?”

“அன்னைக்கு மொழி கேட்டாங்க. இவ்வளவுதேன் குடுத்தேன்.” வாக்குமூலத்தை மலையாளத்தில் ‘மொழி’ என்பார்கள், மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அது பழகிப்போன சொல். “எம்மக வெளையாட்டுப் புள்ளை இல்ல தாயி. போனு எம்பையில கெடந்துச்சு. ஜீப்புல ஏறுறதுக்கு முந்தியே எங்கிட்டக் குடுத்துருவா. அதப் பாத்தாலே அவளுக்குத் தலை சுத்தும். இவன் ‘அவ சிரிச்சா’ன்னு எழுதி வச்சிருக்கான். கோர்ட்டுல எம்மக பேரு இப்படியா நிக்கணும்? அது பொய்யின்னு இங்கிலீசுல எழுதிக் குடுங்க.”

‘அது பொய்’ என்பது சரியான வாக்கியம்தான். ஆனால் அதைத் தாங்கி நிறுத்த ஓர் ஆதாரம்கூட இல்லை. வழக்கறிஞர் ராஜாராமைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் எப்போதும் இரைந்துதான் பேசுவார். மாயக்காளுக்கும் கேட்டது.

“கார்த்திகாம்மா, ரெண்டு வரிய வச்சுக்கிட்டு மேல கேரளாவுல இருக்குற வக்கீல் என்ன பண்ணுவாரு? புதுசா விரிவா ஒண்ணு வேணும். கிராபிக்கா இருக்கணும்ங்குறாரு. படிக்கிற ஜட்ஜு அந்த ஜீப்புக்குள்ள உக்காந்துருக்கணும். யாரு எங்க உக்காந்தா, அந்தப் பொண்ணு ஏன் ஓரத்துல உக்காந்துச்சு, கையில என்ன இருந்துச்சு, எல்லாம்.”

“கேட்டு எழுதுவேன். கட்டி எழுத மாட்டேன்.”

“உங்களக் கட்டி எழுதச் சொல்ற தெம்பு எனக்கிருந்தா நான் எப்பவோ ஹைகோர்ட்டுக்குப் போயிருப்பேன்.” வைத்துவிட்டார்.

மாயக்காள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். “கிராபிக்ஸா? படத்துல யானை பறக்குமே, அதா? இல்லாதத இருக்குற மாதிரிக் காட்டுறது. அது எனக்கு வேணாம் தாயி. எனக்கு முன்னாடியே ஒருத்தன் அதப் பண்ணிட்டான்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. நம் காதுக்கு அந்தச் சொல் திரையரங்கின் வழியாக வந்திருக்கிறது. வழக்கறிஞர் சொன்னதோ ‘கிராபிக்’ என்ற பழைய ஆங்கிலப் பெயரடை. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு எவரும் என் அறையைவிட்டுப் போகக் கூடாது என்பது என் இன்னொரு பிடிவாதம். ஆகவே விளக்கினேன்.

“அது வேற அக்கா. இது ரொம்பப் பழைய வார்த்தை. கிரேக்கம்னு ஒரு பாஷை. அதுல முதல்ல ‘கீறுறது’ன்னுதான் அர்த்தம். காகிதம் இல்லாத காலம். மண்ணுலயும் கல்லுலயும் கூரான ஒண்ணால கீறுவாங்க. கீறுனது படமாவும் இருக்கும், எழுத்தாவும் இருக்கும்; அவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லு. நாமளும் கடுதாசி எழுதுறோம், கண்ணுக்கு மையும் எழுதுறோம் இல்லையா, அது மாதிரி. அந்த வார்த்தை லத்தீனுக்குப் போயி, அங்கேயிருந்து இங்கிலீசுக்கு வந்துச்சு. வந்தப்புறம், கேக்கிறவங்க கண்ணுக்கு முன்னால வந்து நிக்கிற மாதிரி ஒண்ணச் சொன்னா அதுக்கு அந்தப் பேரு. இல்லாததச் சொல்றது இல்ல. இருந்தத, இருந்தபடியே அழுத்திக் கீறுறது.”

இக்காலத்துச் செய்தித்தாள்கள் அதே சொல்லை, இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம் என்று எச்சரிக்க மட்டும் வைத்திருக்கின்றன என்பதை நான் சொல்லவில்லை.

“கீறுறது” என்றார் மாயக்காள். பிறகு எழுந்து, “ஊட்டுல ஒரு சோலி கெடக்கு, வெரசாப் போகணும்” என்று இறங்கிப் போய்விட்டார். என் விளக்கம் அவரைச் சலிப்படையச் செய்துவிட்டது என்று நினைத்தேன். அது முதல்முறையும் அல்ல.

வியாழக்கிழமை அவர் திரும்பி வந்தார். உட்காருமுன்பே மஞ்சள் பையிலிருந்து ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம். எட்டு மாதத்தில் சாதிக்காய் அளவுக்குச் சுருங்கி, பழுப்பேறி, கல்லாகியிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் பிறை பிறையாக ஐந்தாறு கீறல்கள்.

“அவ நகம்” என்றார்.

நான் அதைத் தொடவில்லை.

“வளைவு வந்தா அவளுக்குக் கொமட்டும். பழத்த நகத்தால கீறுவா, மோந்துக்குவா. அடுத்த வளைவு வந்தா இன்னொரு கீறு. அவுகப்பன் தண்ணி பாய்ச்சுற தோட்டத்துல ஒரு எலுமிச்சை மரம் இருக்கு. தெனம் ஒண்ணு பறிச்சாந்து தூக்குச்சட்டி மூடி மேல வச்சிருப்பாரு. தூக்கியெடுத்தப்ப இது அவ உள்ளங்கைக்குள்ள இருந்துச்சு. ஒரு கையில இது. இன்னொரு கையி கம்பியில. போனப் புடிக்க அவளுக்கு ஏது மூணாவது கையி?”

எழுதுகோலை எடுத்தேன். “முதல்லேருந்து சொல்லுங்க அக்கா. நான் நடுநடுவுல கேப்பேன்.”

கேட்டேன். எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எத்தனை பேர், யார் யாருக்குப் பக்கத்தில், வானம் எப்படி இருந்தது, சாலை ஈரமா. மாயக்காள் ஒவ்வொன்றுக்கும் அளந்து விடை சொன்னார். அனுமதி எட்டுப் பேருக்கு; ஜீப்பில் பதினைந்து பெண்கள். சோதனைச் சாவடிக்கு முந்தைய வளைவில் ஏழு பேர் இறங்கிக்கொள்வார்கள். சும்மா நடந்துபோகிறவர்களைப் போல மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே சாவடியைக் கடந்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் அதே ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். சாவடியில் இருப்பவர்களின் பார்வைக்கு வண்டியில் எட்டுப் பேர்தான்.

“இத எழுதுனா நாளைக்கு ஜீப்பு ஓடாது” என்றார். “ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் என்னையத்தேன் வைவாளுக.”

“எழுதவா, வேண்டாமா?”

“எழுதுங்க.”

எழுதினேன்.

“நானும் அவளும் எறங்கி நடக்குற ஆளுக. நடந்து போயி ஏறுறவளுக்குக் கடேசி எடந்தேன் கெடைக்கும். பின்பலகையில ரெண்டு பேருக்கு எடம் இருந்துச்சு. ஒண்ணு உள்ளாற, ஒண்ணு ஓரம். ஓரத்துல எப்பவும் நாந்தேன் உக்காருவேன்.” நிறுத்தினார். “அன்னைக்கு அவ மொகம் வெளிறிக் கெடந்துச்சு. வாந்தி எடுக்குறவள ஓரத்துல போடுறது ஜீப்பு வழக்கம் தாயி. உள்ளாற எடுத்தா பத்துப் பேரு சேலை நாசம், நாள் பூராம் நாத்தத்தோட காய் எடுக்கணும். ரோஜாக்கா உள்ளாற இருந்து கத்துறா, ‘மாயக்கா, உம்மகள வெளிய போடு, போன வாரமே எஞ்சேலைக்கு அபிசேகம் பண்ணிட்டா’ன்னு. எல்லாரும் சிரிக்கிறாளுக. அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்பத்தேன் அந்த ஓட்டுறவன் கேட்டிருப்பான்.”

கீழே ஒரு பேருந்து நீளமாக ஒலியெழுப்பிக்கொண்டு நிலையத்தைவிட்டு வெளியேறியது.

“நாந்தேன் சொன்னேன். ‘ஆத்தா, நீ ஓரத்துல உக்காரு, காத்து வரும்’னு. அவ, ‘நீ உக்காரும்மா, எனக்கு இப்ப ஒண்ணும் பண்ணல’ன்னா. எனக்கு நேரமாகுதேன்னு இருந்துச்சு. ‘சொன்னதச் செய்யிடி’ன்னேன். உக்காந்தா.”

அதன்பிறகு நடந்ததையும் அவர் சொன்னார். எதிரே ஒரு லாரி வந்ததையும், ஜீப் சட்டென்று ஒடித்துத் திரும்பியதையும், அடுத்த இருபது நிமிடங்களையும், ஒன்றும் விடாமல். பத்திரத்தில் அதை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதவில்லை.

தமிழில் எழுதி முடித்ததும், ஆங்கிலமாக்குவதற்கு முன், வழக்கப்படி, முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். பதினெட்டு நிமிடங்கள் ஆயின. ‘நீ உக்காரும்மா, எனக்கு இப்ப ஒண்ணும் பண்ணல’ என்ற வரியில் மாயக்காள் கையை உயர்த்தினார்.

“இன்னொரு தடவ.”

வாசித்தேன்.

“அவ பேசுற மாதிரியே இருக்கு” என்றார். “இன்னொரு தடவ.”

வாசித்தேன். என் பதினாறு ஆண்டுகளில் ஒரு சொல்கூடக் கூடாமலும் குறையாமலும் அமைந்த வாக்கியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இனி ஒன்று பாக்கியிருந்தது. மனு பெற்றோர் இருவர் பெயரிலும் இருந்தது. தந்தை கன்னையனும் வந்து கேட்டு ஒப்பம் வைக்க வேண்டும். அதைச் சொன்னதும் மாயக்காள் டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடியும் அழுத்தினார்.

“நாந்தேன் உக்காரச் சொன்னேன்கிறது அவருக்குத் தெரியாது. கூட வந்தவளுக ஒருத்தியும் வாயத் தெறக்கல. நானுஞ் சொல்லல. காகிதத்துல இருக்கட்டும், கோர்ட்டு படிக்கட்டும், ஜட்ஜு படிக்கட்டும். அவருக்கு வாசிக்கிறப்ப மட்டும் அந்த எடத்தத் தாண்டிருங்க தாயி.”

“நான் அப்படிச் செய்யிறதில்ல அக்கா.”

“தெரியும். வக்கீல் சொன்னாரு. அதேன் கேக்குறேன்.”

‘அதேன்’ என்றால் அதனால்தான். மற்றவர்களிடம் கேட்டால் அந்தச் சலுகை எளிதாகக் கிடைத்துவிடும். என்னிடம் கேட்டுப் பெற்றால்தான் அது பெற்றதாகும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. நான் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. சனிக்கிழமை இருவரும் வாருங்கள் என்றேன்.

அன்றும் மறுநாளும், தாயும் மகளும் பேசிக்கொண்ட அந்த மூன்று வாக்கியங்களை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்வது தேவையற்றது. அவற்றை நீக்கினால், தேவி ஏன் ஓரத்தில் உட்கார்ந்தாள் என்ற கேள்விக்கு ஓட்டுநரின் பொய் மட்டுமே விடையாக மிஞ்சும். ஆகவே காகிதத்தில் அவை இருந்தே ஆக வேண்டும். வாசிப்பதா, தாண்டுவதா என்பது மட்டுமே என் கையில் இருந்தது.

கன்னையன் உயரமானவர், மாடிப்படியில் அவர் தலை குனிய வேண்டியிருந்தது. “இந்தப் படியக் கட்டுனவன் குள்ளன் போலருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு, பள்ளியில் முதல்நாள் உட்காரும் பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். மாயக்காள் அவருக்குச் சற்றுப் பின்னால், என் முகம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார்.

வாசித்தேன். ஜீப்பு, பனி, சாவடி, நடை, ரோஜாவின் கேலி. ‘எல்லாரும் சிரித்தார்கள். தேவியும் சிரித்தாள்.’ அடுத்த மூன்று வாக்கியங்கள்மேல் என் இடது கட்டைவிரலை வைத்தேன். ‘தேவி பின்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்’ என்று தொடர்ந்தேன். குரல் தடுக்கவில்லை. அவ்வளவு எளிதாக அது வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

எலுமிச்சம்பழம் வந்த இடத்தில் கன்னையன் கண்களை மூடிக்கொண்டார். முடிவுவரை திறக்கவில்லை. வாசித்து முடித்தேன்.

“மாயக்கா” என்றார் அவர், திரும்பாமலே. “தொண்டை வறண்டு போச்சு. கீழ போயி மூணு டீ சொல்லிக் கையோட கொண்டா.”

மாயக்காள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார். காலடியோசை கடைசிப்படியைத் தாண்டும்வரை கன்னையன் காத்திருந்தார்.

“இந்தக் கட்டைவெரல எடுங்கம்மா.”

அப்போதுதான் பார்த்தேன். மற்ற தாள்களை வாசித்து ஒதுக்கியபோதும் இடது கட்டைவிரல் அந்தத் தாளின்மேல் அங்கேயே இருந்தது.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணு தெரியும். மத்த எடத்துல எல்லாம் வெரலு எழுத்துக்குக் கீழ போச்சு. இங்க மேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கல.”

“கன்னையன் அண்ணே…”

“அவ ஆத்தா சொல்லாம எங்கயும் உக்காருற புள்ளையா அது? அன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல இவ மொகத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்.”

“நீங்க கேட்டதே இல்லையா?”

“என்னத்தக் கேக்க? கேட்டா அவ சொல்லணும். சொல்லிப்புட்டா அப்புறம் அவ உசுரோட இருக்க மாட்டா. எட்டு மாசமாத் தோட்டத்துக்குப் போறப்ப எல்லாம் கெணத்துப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போறேன்.” கையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். “வாசிங்க. எம்மக ஏதோ பேசியிருக்கா அதுல. பேசாம வந்து உக்காருற புள்ளை இல்ல அவ.”

விரலை எடுத்தேன். மூன்று வாக்கியங்களையும் வாசித்தேன். ‘ஆத்தா, நீ ஓரத்துல உக்காரு, காத்து வரும்.’ ‘நீ உக்காரும்மா, எனக்கு இப்ப ஒண்ணும் பண்ணல.’ ‘சொன்னதச் செய்யிடி.’

“அந்த நடுவுல உள்ளது” என்றார். “இன்னொரு தடவ.”

வாசித்தேன்.

தலையை இரண்டுமுறை அசைத்தார். மகளுக்கு விடை சொல்வதைப் போலத்தான் இருந்தது. படியில் கண்ணாடிக் குவளைகள் உரசும் ஓசை கேட்டது. கன்னையன் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நான் கேட்டேன்கிறது அவளுக்குத் தெரிய வேணாம்.”

மாயக்காள் கம்பித்தாங்கியில் மூன்று தேநீரோடு வந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தை.

“எல்லாங் கேட்டீகளா?”

“கேட்டேன். சரியா இருக்கு.”

மாயக்காளின் தோள்கள் ஓர் அங்குலம் இறங்கின. அதைக் கன்னையனும் பார்த்தார், தேநீரைக் குடித்தார். “சீனி தூக்கலா இருக்கு” என்றார். “கடைக்காரன் போட்டது, நானா போட்டேன்?” என்றார் மாயக்காள். எட்டு மாதத்தில் அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டது எத்தனையாவது முறை என்று நான் அறியேன்.

கன்னையன் கைநாட்டு வைத்தார். மாயக்காள் கையெழுத்துப் போட்டார். தேவி பள்ளியில் படிக்கும்போது கற்றுக்கொடுத்ததாம். ளகரத்தின் சுழி பெரியதாகி அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. அதன்கீழ் என் வாக்கியம்: முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது, கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டனர். முத்திரையைக் குத்தினேன். அந்தச் சான்றில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருவருக்கும் ஒவ்வொரு வரியும் வாசிக்கப்பட்டிருந்தது. இனி நீதிமன்றத்தில் எவர் படித்தாலும் தேவியின் ஒரு கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். மறு கை கம்பியில் இருக்கும். மாயக்காள் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது.

கணவரைவிட்டு ஒரு படி பின்தங்கி நின்று, மாயக்காள் என் கையைப் பிடித்தார். “நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன் தாயி” என்று மெல்லச் சொன்னார். அப்போது என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: ‘அவருக்கு எல்லாம் தெரியும்.’ அதைச் சொல்லியிருந்தால் மாயக்காள் ஒன்று பிழைத்திருப்பார், அல்லது பிழைத்திருக்க மாட்டார். எது என்று கன்னையன் முடிவு செய்துவிட்டார்; அவருக்குத் தன் மனைவியைத் தெரியும், எனக்குத் தெரியாது. “படியில பார்த்து இறங்குங்க அக்கா” என்றேன்.

சன்னலருகே நின்றேன். எதிர்ப்புறம் ராசிங்காபுரத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்; பின்னிருக்கையில் இரண்டு பேருக்குத்தான் இடம். மாயக்காள் முதலில் ஏறி, வழக்கம்போல, ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கன்னையன் ஏறவில்லை. ஏதோ சொன்னார். மாயக்காள் தலையசைத்து மறுத்தார். அவர் மறுபடியும் ஏதோ சொல்லி, தோளைத் தொட்டு மனைவியை உள்ளே நகர்த்தினார். பிறகு அந்த ஓரத்தில் தான் உட்கார்ந்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, மேற்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாயக்காள் மடியில் அந்த மஞ்சள் பை இருந்தது. அவர் அதற்குள் கையை விட்டிருந்தார். ஆட்டோ தேவாரம் சாலையில் திரும்பும்வரை அந்தக் கை வெளியே வரவில்லை.